காரணத்தைக் கண்டுபிடி, பிறகு காசை எடு: பழைய டீசல் வண்டியைக் காக்கும் வழிகள்

காலை ஐந்து மணி. சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்ல வேண்டிய பிக்கப் வண்டி தாமான் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஐந்தாறு முறை முயன்றதும் பேட்டரியும் களைத்துவிடுகிறது. விடிந்ததும் வந்து பார்க்கும் 'போர்மன்' டீசல் பம்ப் கெட்டுவிட்டது என்கிறார். அதைக் கழற்றிச் செப்பனிடப் பெரிய தொகை ஆகும். ஆனால், உண்மையான காரணம் டீசல் பில்டரில் இருக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையமாகவும் இருக்கலாம். அதன் விலை சில ரிங்கிட் மட்டுமே.

தோட்டத்தை விட்டு நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுக்கு ஒரு பழைய டீசல் வண்டிதான் முதலீடு. புல் வெட்டும் குத்தகை, பந்தல் வேலை, திருமணச் சமையல், சந்தை வியாபாரம், செம்பனைக் குலை ஏற்றுவது என எல்லாவற்றுக்கும் அந்த வண்டி வேண்டும். அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த வார வருமானமும் நின்றுவிடும்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு உயர்ந்தது. 60 லிட்டர் நிரப்ப 129 ரிங்கிட் கொடுத்தவர் அன்று முதல் 201 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது. தகுதி பெற்றவர்களுக்கு 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. அன்றைய விலை வித்தியாசத்தைக் கணக்கிட்டால், அந்தத் தொகை ஏறக்குறைய 166 லிட்டருக்குத்தான் ஈடாகும். அதற்குப் பிறகு டீசல் விலை ஏறியும் இறங்கியும் வந்தாலும், கரும்புகையாக வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் குடும்பக் காசுதான் என்பது மாறவில்லை.

பழைய டீசல் எஞ்சின் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் சாவதில்லை. காலையில் பிடிக்கும் விதம், புகையின் நிறம், எண்ணெயின் தோற்றம், வெப்பமானியின் முள் ஆகியவை முன்கூட்டியே செய்தி சொல்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தால், செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்கி காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

டீசல் எஞ்சின் எப்படி இயங்குகிறது?

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அப்போது இன்ஜெக்டர் தெளிக்கும் டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது.

ஆகவே, இந்த எஞ்சினுக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். காற்று தடையின்றி உள்ளே வர வேண்டும். அழுத்தம் கசியக் கூடாது. டீசலில் தண்ணீரோ காற்றுக் குமிழியோ கலக்கக் கூடாது. பெரும்பாலான பழுதுகள் இந்த மூன்றில் ஒன்று குறைவதால் வருபவைதான்.

காலையில் பிடிக்காவிட்டால்

முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினைச் சுழற்ற அதிக விசை தேவை. மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய அளவு சூடாகாது. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுநீரால் கழுவி, இணைப்பை இறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்தது குளோ பிளக். சாவியைத் திருப்பியதும் எரியும் சுருள் வடிவ விளக்கு இதற்கானதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரி அறையைச் சூடாக்குவது அதன் வேலை. நம் நாட்டு வெப்பத்திலும் பழைய வகை எஞ்சின்களுக்கு இது தேவைப்படுகிறது. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் சொல்லவே வேண்டாம். நான்கில் இரண்டு கெட்டிருந்தாலும் எஞ்சின் பிடிக்கத் தடுமாறும், பிடித்த பிறகு சிறிது நேரம் நடுங்கியபடி வெள்ளைப் புகை விடும். மீட்டர் வைத்திருக்கும் பட்டறையில் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

இரண்டும் நன்றாக இருந்தால், டீசல் பாதையில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில்டரின் மேல் கையால் அழுத்தும் சிறிய பம்ப் பல வண்டிகளில் உண்டு. அதை இறுகும் வரை அழுத்தியதும் எஞ்சின் உடனே பிடித்தால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் தொட்டிக்கே இறங்கிவிட்டது என்று பொருள். வெடித்த ரப்பர் குழாய், பில்டர் வளையம், அந்தக் கைப் பம்ப், இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் மெல்லிய திரும்புகுழாய் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். பில்டருக்கும் டீசல் பம்ப்புக்கும் இடையில் தற்காலிகமாக ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம். இந்தச் சோதனைகள் முடியும் முன் டீசல் பம்ப்பைக் கழற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது.

செம்பனையும் டீசலும்

இன்று நிலையங்களில் நிரப்பும் டீசலில் தோட்டத்துச் செம்பனையும் கலந்திருக்கிறது. பனையெண்ணெயிலிருந்து தயாரிக்கும் எரிபொருளை 10 விழுக்காடு கலக்கும் 'பி10' திட்டம் 2019இல் போக்குவரத்துத் துறைக்கு வந்தது. வண்டி பழுதானால் பனையெண்ணெய் டீசலையே குறை சொல்பவர்கள் உண்டு. உண்மை அவ்வளவு எளிதல்ல.

2021 முதல் கட்டாயமான யூரோ 5 டீசலில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைகிறது. பனையெண்ணெய்க் கலவை அந்த வழுவழுப்பைத் திருப்பித் தருவதால், பம்ப்புக்கு அது நன்மையே. ஆனால், இந்தக் கலவை சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை ஈர்க்கும். பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டு வரும். கசடும் தண்ணீரும் பில்டரில்தான் வந்து சேரும்.

பழைய வண்டிக்கு டீசல் பில்டரை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது பாதுகாப்பானது. பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மாதம் ஒரு முறை தண்ணீரை வடிக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் அடியிலும் டீசல் மேலும் பிரிந்து நிற்பது தெரியும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் நீர் கோக்கும். இரும்புப் பீப்பாயில் நெடுநாள் கிடந்த டீசலை வண்டியில் ஊற்றுவதும் ஆபத்து.

புகை சொல்லும் சேதி

கரும்புகை என்றால், டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் காற்று பில்டரைப் பார்க்க வேண்டும். செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். பில்டர் சரியாகப் பொருந்தாவிட்டால் நுண்ணிய தூசு உள்ளே போய்ப் பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். அடுத்து டர்போ குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, கடைசியாகத்தான் இன்ஜெக்டருக்குப் போக வேண்டும்.

எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் கசிவதாக ஐயப்பட வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையம், வால்வு சீல், டர்போ சீல் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும்.

புகை சட்டத்துக்கும் உரிய விஷயம். 1996ஆம் ஆண்டு டீசல் புகை விதிமுறைகளின்படி புகையின் அடர்த்தி 50 எச்எஸ்யூ அளவைத் தாண்டக் கூடாது. சுற்றுச்சூழல் இலாகா சாலையோரத்தில் நிறுத்திச் சோதிப்பதும் உண்டு.

டர்போ சீல் மோசமாகக் கசிந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக இழுத்து, சாவியை எடுத்த பிறகும் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். கைகியர் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுவதும் அழுத்திக்கொண்டு, மிக உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிடும். அருகில் போய்க் கையால் காற்றுக் குழாயை அடைக்க முயலவே கூடாது.

எண்ணெய், தண்ணீர், பெல்ட்

டீசல் எஞ்சினில் 'மினியாக் ஈத்தாம்' மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். அது கரியை அள்ளிக்கொண்டு வேலை செய்கிறது என்பதன் அடையாளம், கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது இரண்டுக்குத்தான். எண்ணெய் அளவு குறையாமல் ஏறினால், அதில் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறினால், தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டிலும் எஞ்சினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. டீசலுக்குரிய 15டபிள்யூ-40 சாதாரண எண்ணெயைப் பழைய பிக்கப் வண்டிகளில் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பில்டருடன் மாற்றுவது வழக்கம்.

பழைய வண்டிகளைச் சாகடிப்பதில் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரைத் துருப்பிடிக்க விடாமல் கூலண்ட் பயன்படுத்த வேண்டும். சுமையுடன் மலையேறும்போது வெப்ப முள் மேலேறினால் ஏர்கோனை நிறுத்திவிட்டு ஓரம்கட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வெள்ளத்தில் நின்றுபோன டீசல் வண்டியை உடனே கிளப்பிப் பார்ப்பதும் தவறு. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது, உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும்.

டைமிங் பெல்ட் மட்டும் முன்னறிவிப்பு தராமல் அறுந்துபோகக் கூடியது. அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சின் நொறுங்கும். பழைய ஹைலக்ஸ் வண்டிகளின் 2எல் எஞ்சினில் 100,000 கிலோமீட்டரிலும், பின்னர் வந்த 2கேடி எஞ்சினில் 150,000 கிலோமீட்டரிலும் பெல்ட்டை மாற்ற வேண்டும். மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினுக்கும் பெல்ட்தான். பழைய வண்டியை வாங்கியவர், பெல்ட் மாற்றியதற்கு எழுத்துப்பூர்வச் சான்று இல்லையென்றால், முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

பழையதிலும் இரண்டு வகை

எல்லாப் பழைய டீசலும் ஒன்றல்ல. முந்தைய தலைமுறையில் பம்ப் முழுக்க இயந்திரமயமானது. தேர்ந்த கையும் காதும் போதும். 2000ஆம் ஆண்டுகளில் பரவிய 'காமன் ரயில்' எஞ்சின்களில் டீசல் 1,000 பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் ஓடுகிறது. அந்தக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதை வெறும் காயம் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்வகை வண்டிகளைக் கணினிச் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தொட்டியைக் காலி செய்வதே மலிவான வழி.

வைத்திருப்பதா, விற்பதா?

எஞ்சினை மாற்றிவிடலாம், 'ஹாஃப்கட்' கடையில் கிடைக்கும் என்று பட்டறையில் சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்ல வேண்டும். நான்கும் ஏறக்குறைய சமமாகவும், தயாரிப்பாளர் குறித்த அளவுக்குள்ளும் இருந்தால், எஞ்சினின் உடல் நலமாக இருக்கிறது, கோளாறு வெளியில்தான் என்று பொருள். எல்லாமே குறைந்திருந்தால், அப்போது விற்பதா மாற்றுவதா என்று கணக்குப் போடலாம். எஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவைத் திருத்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவைதான் முதலில். எஞ்சின் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும். அதன் பிறகு ரேடியேட்டரும் பெல்ட்டும், அதற்கும் பிறகு டீசல் பாதை.

இதற்கெல்லாம் உதவும் மலிவான கருவி, டேஷ்போர்டில் வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றியது, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு டீசல் ஊற்றியது என்பதைத் தேதியுடன் எழுதி வைத்தால் போதும். டீசல் செலவு திடீரென்று கூடினால், பழுது பெரிதாகும் முன்பே அந்த நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நோய்க்கு மருந்து கொடுக்கும் முன் நோயின் காரணத்தைத் தேட வேண்டும் என்று மருத்துவருக்கு வழி சொன்னார் வள்ளுவர். போர்மனுக்கும் வண்டிக்காரருக்கும் அது பொருந்தும். அடுத்த முறை காலை ஐந்து மணிக்கு வண்டி பிடிக்காவிட்டால், பேட்டரியைப் பார்த்து, குளோ பிளக்கைப் பார்த்து, கைப் பம்ப்பை அழுத்திப் பாருங்கள். பட்டறைக்குத் தொலைபேசியில் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.