நெடுந்தீவுக் கடலும் நெஞ்சிடியும்

நெடுந்தீவுக்குத் தரைவழி கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை பேருந்து கொண்டுவந்து விடும். அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். சீமெந்து மூட்டை, தபால், கலியாணப் பெண், காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் அந்தக் கடல் வழிதான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலை படகின் பக்கத்தில் மோதி ஆட்கள் மேல் தெறிக்கும். வழமையாகப் போய்வருபவர்கள் முகத்தைத் துடைத்துவிட்டு விட்ட கதையைத் தொடர்வார்கள். அதே பலகையில் இருக்கும் இன்னொருவருக்கோ உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு இடிக்கும், மூச்சு முட்டும். படகு தாழப்போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றும்.

இதைக் கடற்பிணியோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. சத்தியும் தலைச்சுற்றும் உட்காதின் சமநிலைக் குழப்பத்தால் வருபவை, இறங்கினால் தீர்ந்துவிடும். மிகைப்பயம் வேறு. அது படகில் ஏறும் முன்பே, சிலவேளை பயணத்துக்கு முதல் நாள் இரவே தொடங்கிவிடும். உண்மையான ஆபத்தைவிடப் பயம் பல மடங்கு பெரிதாகி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, ஒருவரின் வேலையையும் உறவையும் முடக்கும்போதுதான் உளமருத்துவர்கள் அதை நோயாகக் கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 22 நாடுகளில் நடந்த கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி ஏதோவொன்றுக்கு அளவு மீறிப் பயந்தவர்கள் 7.4 வீதம். பாம்பு, உயரம், ஊசி, நீர், மூடிய அறை என்று பொருள் மாறினாலும் பெரும்பாலும் பிள்ளைப்பருவத்திலேயே அது தொடங்கிவிடுகிறது.

பயம் வருவதில் பிழை ஒன்றுமில்லை. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று எண்ணினால் உடனே உடம்பை ஓட்டத்துக்கோ சண்டைக்கோ தயாராக்கும். நெஞ்சிடியும் வேர்வையும் அதன் வேலை. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். பயந்தவர் படகை விட்டு இறங்குகிறார். பெரிய நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போடும் சோறு. இறங்கியதால் தப்பினேன் என்று மூளை படித்துக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் நெஞ்சிடி தானாகவே தணிந்திருக்கும் என்பதை அறிய அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. விலக விலகப் பயம் வளர்வது இப்படித்தான்.

இந்தக் கடலில் பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை, கடற்படைச் சீருடையில் வந்தவர்கள் நடுக்கடலில் மறித்தார்கள். பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் என்பது ஒரு கணக்கு. ஊரவர் சொல்லும் தொகை அதைவிடக் கூட. இறந்தவர்களில் கைக்குழந்தையும் உண்டு. அதே குமுதினி அதற்குப் பிறகும் பல்லாண்டு அதே கடலில் ஓடியது. தப்பியவர்களும் இறந்தவர்களின் உறவினரும் அதிலேயே ஏற வேண்டியிருந்தது; வேறு வழியில்லை.

அப்படி ஏறியவர்கள் எல்லாரும் பயத்தை வென்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டால் அது அநியாயம். கட்டாயத்தில் கடப்பதும் குணமாவதும் ஒன்றல்ல. கண்முன் கொலை பார்த்தவருக்கு வருவது பெரும்பாலும் சாதாரண மிகைப்பயம் அல்ல, மனவடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இத்தகையவர்களைப் பார்த்து, 1998இல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். மனவடு உள்ளவரைப் படகில் ஏற்றுமுன் அந்த நாளைப் பற்றிப் பேசவிட வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில், போரும் அலையும் சேர்ந்து வதைத்த 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கோவையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இருதரப்புக்கும் ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்பகுதியில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பெரிய ஆசுப்பத்திரி இல்லாமலே இவ்வளவும் நடந்தது என்பதைத் தீவுப்பகுதிக்காரர் கவனிக்க வேண்டும்.

கொடுஞ்சம்பவம் எதுவுமில்லாமல் கடலுக்குப் பயப்படுபவருக்கு வழி இன்னும் நேரானது. 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான சாப்பாட்டைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயற்கூட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவினான். 1958இல் ஜோசப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக விரித்தெழுதினார். இன்றுவரை அடிப்படை அதுதான்: படிப்படியாகக் கிட்டப் போவது.

வேலணையில் இருக்கும் ஒரு தாய், நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் போகக் கடல் ஏற மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஒண்டுமில்லை அம்மா, கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ” என்று நேரே நெடுந்தீவுப் படகில் ஏற்றிவிடுவது வீட்டுக்காரர் வழக்கம். உளவளத்துணையாளர் முதலில் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று கேட்பார். இறங்குதுறையில் நின்று படகைப் பார்க்க முப்பது. கட்டியிருக்கும் படகில் ஏறி இருக்க ஐம்பது. இயந்திரம் உறுமத் தொடங்கினால் எழுபது. கீழ்ப்படியில் தொடங்கி, புள்ளி பாதியாகக் குறையும்வரை அங்கேயே நிற்கவேண்டும். உச்சத்தில் இருக்கும்போது விட்டுவிட்டு ஓடினால் பழைய பாடம்தான்.

இந்த விடயத்தில் தீவகத்துக்கு ஒரு கொடுப்பினை. ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் ‘பாதை’ என்ற மிதவையில் கடல் சில நிமிடம்தான், இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு இருபது நிமிடத்துக்கு உட்பட்ட ஓட்டம். பிறகுதான் நெடுந்தீவு. பாடப்புத்தகம் சொல்லும் படிவரிசை இங்கே நிலப்படத்திலேயே கிடக்கிறது.

உயிர்காப்பு அங்கியைக் கட்டாயம் போடவேண்டும். அது பயமல்ல, புத்தி. கண்ணை இறுக மூடுவதும் பக்கத்தில் இருப்பவரின் கையை விடாமல் பிடிப்பதும்தான் மெல்ல மெல்லக் கைவிடவேண்டியவை. மூச்சுப் பயிற்சி உதவும். தயா சோமசுந்தரம் தளர்வுப் பயிற்சிக்கு அவரவர் சமயச் சொல்லையே கொடுத்தார்: சைவருக்கு ஓம் நமசிவாய, கத்தோலிக்கருக்கு இயேசுவின் பெயர், முஸ்லிம்களுக்குச் சுப்ஹானல்லாஹ், பௌத்தருக்குப் புத்தம் சரணம். நயினாதீவுப் படகில் இவர்கள் எல்லாருமே இருப்பார்கள். தளர்வுப் பயிற்சிக்கு ஒரேயொரு விதிவிலக்கு, இரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்குபவர்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழுவதால், தசையைத் தளர்த்தாமல் இறுக்கப் பழக்குவார்கள்.

கடைத்தெருவில் யாரோ தந்த அமைதிக் குளிசையை விழுங்கிவிட்டுப் பயணம் செய்வதால் அன்றைய பயணம் முடியும், பயம் முடியாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. தொலைபேசியில் கேட்பதென்றால் தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

தணிந்த பயம் திரும்பியும் வரலாம். மூளை பழையதை அழிப்பதில்லை. அதன் பக்கத்தில் புதியதை எழுதி வைக்கிறது. ஆகவே ஒருமுறை போய்வந்ததோடு விட்டுவிடாமல் வேறு வேறு படகிலும் வேறு வேறு காற்றிலும் போய்ப் பழகவேண்டும். நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா சோளகத்தில் வருகிறது. படகு முழுக்கச் சனம். அதற்குப் போக நினைப்பவர், கடல் கிடையாய்க் கிடக்கும் பங்குனியிலேயே காரைநகர்ப் பாதையில் ஏறத் தொடங்குவது நல்லது.