கண்ணாடியில் புள்ளிச் செதுக்கு: சேகரிப்பும் காட்சியமைப்பும்

வெள்ளைத் துணி விரித்த மேசையின்மீது ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதன் பக்கத்தில் மூச்சுக்காற்று பட்டாற்போன்ற மங்கலான படலம் மட்டுமே தென்படுகிறது. அதே கிண்ணத்தைக் கறுப்புத் துணியின் முன் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்தால், அப்படலம் ஒரு மனித முகமாகவோ பழக்கொத்தாகவோ காட்சியளிக்கிறது. கிண்ணத்தில் எம்மாற்றமும் நிகழவில்லை. பின்னணியும் ஒளியின் திசையுமே மாறின. புள்ளிச் செதுக்குக் கண்ணாடியைச் சேகரிப்போரும் காட்சிக்கு வைப்போரும் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே.

புள்ளியால் அமையும் உருவம்

கண்ணாடியில் சக்கரம் கொண்டு பள்ளம் தோண்டுவது ஒரு முறை. வைரமுனையால் கோடு கீறுவது மற்றொரு முறை. புள்ளிச் செதுக்கில் இவ்விரண்டும் இல்லை. வைரமுனை பொருத்திய கருவியால் கண்ணாடியின் மேற்பரப்பை மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நுண்குழி உண்டாக்கப்படுகிறது. மோஸ் கடின அளவில் வைரம் 10. கண்ணாடி ஏறத்தாழ 5 முதல் 6 வரை. ஆகவே சிறு தட்டே போதுமானது.

வழுவழுப்பான கண்ணாடி ஒளியை நேராகச் செல்ல விடுகிறது. நுண்குழியோ அதைப் பல திசைகளிலும் சிதறச் செய்கிறது. குழிகள் நெருங்கிய இடம் ஒளிர்கிறது. அருகிய இடம் மங்குகிறது. குழியற்ற இடம் இருளாகிறது. தாளில் எழுதுகோல் நிழலை வரைகிறது. இங்கே கருவி ஒளியை வரைகிறது. ஒருமுறை விழுந்த புள்ளியை அழிக்க இயலாது என்பதால், இக்கலைக்கு மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது.

கலையின் வரலாறு

இக்கலையின் தாயகம் நெதர்லாந்து. 17ஆம் நூற்றாண்டில் அன்னா ரூமர்ஸ் விஸ்ஸர் என்னும் பெண்மணி, வைரமுனைக் கோடுகளோடு புள்ளிகளையும் கலந்து கையாண்டார். உருவம் முழுவதையும் புள்ளிகளாலேயே அமைக்கும் முறையை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநாட்டியவர் பிரான்ஸ் கிரீன்வுட் (1680-1763). ராட்டர்டாமில் பிறந்து டார்ட்ரெக்டில் அலுவல் பார்த்த அவர், ஓய்வு நேரத்திலேயே இக்கலையைப் பயின்றார். அவருக்குப் பின் ஏர்ட் ஸ்கௌமன் (1710-1792), டேவிட் வுல்ஃப் (1732-1798) ஆகியோர் புகழ் பெற்றனர்.

ஈயம் கலந்த கண்ணாடி இவர்களுக்குப் பெரிதும் உதவிற்று. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் புதுவகைக் கண்ணாடிக்கு உரிமை பெற்றார். ஈயக் கண்ணாடி மென்மையும் மிக்க ஒளிர்வும் உடையது. முனையின் தட்டைச் சிதையாது ஏற்கவல்லது.

19ஆம் நூற்றாண்டில் நலிவுற்றிருந்த இக்கலைக்கு, 1930களில் இங்கிலாந்தின் லாரன்ஸ் விஸ்லர் (1912-2000) புத்துயிர் அளித்தார். 1940இல் குண்டுவீச்சால் சேதமுற்ற மோர்ட்டன் ஊர்த் தேவாலயத்திற்கு, 1955 முதல் 1984 வரை செதுக்குச் சாளரங்களை அவர் படைத்தளித்தார். அவை வண்ணமற்றவை, வெளியிலுள்ள மரங்களும் வானமுமே அவற்றின் பின்னணி.

சேகரிப்போர் ஆராய வேண்டியவை

கிண்ணத்தின் வயதும் செதுக்கின் வயதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய வெறுங்கிண்ணத்தில் பிற்காலத்தார் உருவம் செதுக்கியிருக்கலாம். உருப்பெருக்கியால் நோக்குங்கால், நெடுநாட் புழக்கத்தால் நேர்ந்த கீறல்கள் செதுக்கின்மீதும் தொடர்ந்து சென்றால், அச்செதுக்கு அக்கீறல்களுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். கிண்ணத்தின் அடித்தட்டில் இயல்பான தேய்மானம் உண்டா என்பதையும் காணவேண்டும். வுல்ஃபின் கையொப்பம் தாங்கியவை சிலவே. பாங்கை மட்டும் கொண்டு அவர் பெயரால் வழங்குபவை பல. எனவே பதிவேட்டில் "கையொப்பம் உடையது", "இன்னாருடையதெனக் கருதப்படுவது" என இரண்டையும் பிரித்தெழுதுதல் அவசியம்.

காட்சிக்கு வைக்கும் முறை

பின்னணி கருமையாகவும் பளபளப்பின்றியும் இருத்தல் நலம். ஒளி கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ விழவேண்டும். முன்னிருந்து விழுந்தால் பிரதிபலிப்பு உருவத்தை மறைத்துவிடும். மூடிய பேழைக்குள் உஷ்ணம் தரும் விளக்கை வைத்தலாகாது. எல்.இ.டி. விளக்காயினும் அதைப் பேழைக்கு வெளியே அமைப்பதே நன்று. ஓக் முதலிய மரங்களாலான பேழைகளிலிருந்து வெளிப்படும் அமில ஆவிகள் கண்ணாடியைத் தாக்கும். உலோகமும் கண்ணாடியும் கொண்ட பேழையே ஏற்றது.

கண்ணாடியின் நோய்

மணலோடு சேர்க்கும் காரப்பொருள் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த கண்ணாடி நிலையற்றது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேற்பரப்பிலிருந்து காரத்தைக் கரைத்தெடுக்கிறது. ஈரம் மிகுந்தால் வழுக்கும் நீர்த்துளிகள் அரும்புகின்றன; இதைக் கண்ணாடி "அழுகிறது" என்பர். ஈரம் குறைந்தால், காரம் இழந்த மேற்படலம் உலர்ந்து சுருங்கி, வலைபோல் வெடிக்கிறது. ரேவன்ஸ்கிராஃப்டின் தொடக்ககாலக் கலங்களும் இந்நோய்க்கு ஆளாயின. ஈய ஆக்சைடைச் சேர்த்தே அவர் அதனைத் தீர்த்தார்.

புள்ளிச் செதுக்கின் உருவம் முழுவதும் அந்த மெல்லிய மேற்பரப்பில்தான் உள்ளது. அது வெடித்தால் உருவமும் அழிகிறது; அதை மீட்க வழியில்லை. ஆகவே நிலையற்ற கண்ணாடிக்கு ஒப்பு ஈரப்பதத்தை 40 சதவீதத்தை ஒட்டி, ஏற்றத்தாழ்வின்றிப் பாதுகாத்தல் வேண்டும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊர்கள் நம் நாட்டில் பல. ஹைதராபாத் சாலார்ஜங் பொருட்காட்சிசாலை போன்ற இடங்களில் ஐரோப்பியக் கண்ணாடித் தொகுப்புகள் இருத்தலால், இது நம் நாட்டிற்கும் உரிய செய்தியாகும். "உலர்ந்தால் நல்லது" எனக் கருதி முற்றிலும் உலர்ந்த சிலிகா ஜெல்லைப் பேழையில் நிறைப்பது தவறு. அதுவே வெடிப்புக்குக் காரணமாகலாம். உரிய ஈரப்பதத்திற்குப் பக்குவப்படுத்திய ஜெல்லையே வைக்கவேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

விளிம்பு மழுக்கப்பட்ட, ஒருபுறம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடொன்றை ஆசிரியர் கொணரலாம். அதை வெள்ளைத் தாளின் முன்னும் கறுப்புத் தாளின் முன்னும் மாறிமாறிப் பிடித்து, பக்கத்திலிருந்து கைவிளக்கு ஒளியைச் செலுத்துக. வேறுபாடு உடனே விளங்கும். பின்னர் மங்கலான பக்கத்தில் ஒரு துளி நீர் இடுக. அவ்விடம் தெளிந்துவிடும். காற்றைவிட நீரின் ஒளிவிலகல் எண் (1.33) கண்ணாடியின் எண்ணை (ஏறத்தாழ 1.5) நெருங்கி இருத்தலால், ஒளிச்சிதறல் குறைகிறது. விரலின் எண்ணெய்ப்பசையும் இவ்வாறே புள்ளிகளை நிரப்பி உருவத்தை மங்கச் செய்யும். ஆகவே சுத்தமான கையுறையணிந்து, கிண்ணத்தைத் தண்டிலோ விளிம்பிலோ பற்றாது, குடப்பகுதியை இரு கைகளாலும் தாங்கி எடுத்தல் வேண்டும்.

பொருள் வந்து சேர்ந்த அன்றே, கருமையான பின்னணியில் பக்க ஒளியில் அதைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டுதல் வேண்டும். ஆண்டுதோறும் அதே ஒளியில் மீண்டும் படமெடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். மங்கலோ, வழுக்கலோ, நுண்வெடிப்போ தென்படின், அதைத் துடைத்தும் கழுவியும் பார்க்க முயலாது, பாதுகாப்பு நிபுணரிடம் உடனே தெரிவிப்பதே பணியாளரின் கடமையாகும்.