நாணும் ஒப்புரவும்: யூதர் அறநூல்களும் ஓய்மானாட்டு ஈகையும்

கொடை என்பது கொடுப்போன் குணமா, கொள்வோன் உரிமையா? இவ்வினாவை உலகின் பழைய அறநூல்கள் பலவும் எழுப்பியுள்ளன. தமிழில் வள்ளுவரும், எபிரேயத்தில் யூத அறவோரும் இதற்குக் கூறும் விடைகள் சொல்லளவிலும் பொருளளவிலும் வியக்கத்தக்க ஒப்புமை உடையன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதும், ஓய்மானாட்டு வள்ளல் நல்லியக்கோடனின் கொடையை அந்நோக்கில் அளந்து காண்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஓய்மானாடு என்பது இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தையும் அதனை அடுத்த கடற்கரைப் பகுதியையும் தன்னகத்தே கொண்ட பழைய நாடு.

ஒப்புமை கூறுமுன் எல்லை வகுத்தல் வேண்டும். எபிரேய வேதத்தில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் ‘துக்கி’ என்னும் சொல்லைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைத்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சேரநாட்டு மன்னன் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000ஐ ஒட்டி, ஈசுப்பு இறப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு வீடுபேறும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. வணிகத் தொடர்பிற்கு இவை சான்றாகலாம். அறக்கருத்துகள் ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குச் சென்றன என்பதற்கு இவை சான்றாகா. எனவே ஈண்டுக் கூறப்படுவது ஒப்புமையேயன்றிக் கடன்பேறு அன்று.

1. மூன்று அடையாளங்கள்

எபிரேய மொழியில் குணநலன்களை ‘மிட்டோத்’ என்பர். அதன் ஒருமையாகிய ‘மிட்டா’ என்னும் சொல்லின் நேர்பொருள் ‘அளவு’ என்பதாம். குணம் என்பது இருத்தல், இல்லாமை என இரண்டாகப் பகுக்கப்படுவதன்று. உரிய அளவில் அமைய வேண்டுவது என்னும் கருத்து அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. இக்குணநலன்களைப் பயிலும் முறைக்கு ‘மூசார்’ என்று பெயர். மோசே ஹயீம் லுசாத்தோ 1740இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட ‘மெசிலத் யெஷாரிம்’ இத்துறையின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இஸ்ரேல் சலாண்டர் (1810-1883) லித்துவேனியாவில் மூசார்ப் பயிற்சியை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்.

இக்குணங்களுள் தலையாயவை எவை? பாபிலோனியத் தால்முட்டின் ‘யெவாமோத்’ என்னும் பகுதி, இம்மக்களுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு என்கிறது. அவர்கள் இரக்கம் உடையர், நாணம் உடையர், பிறர்க்கு உதவுவோர் என்பன அவை. இரக்கத்தையும் உதவியையும் ஒருங்கு கூறுதல் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும். அவற்றின் நடுவே நாணம் வைக்கப்பட்டது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

தமிழறிஞர்க்கு இவ்விடத்தில் சான்றாண்மை அதிகாரம் நினைவிற்கு வராமற் போகாது. சால்பினைத் தாங்கும் தூண்கள் ஐந்து என வள்ளுவர் வகுக்குமிடத்து, அன்பு, கண்ணோட்டம், வாய்மை என்பவற்றோடு நாணும் ஒப்புரவும் இடம்பெறுகின்றன. யூதர் கூறும் இரக்கம் அன்பிலும் கண்ணோட்டத்திலும் அடங்கும், உதவி ஒப்புரவாம், நாணம் நாணேயாம். வாய்மை ஒன்றே மிகுதி. ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் ஒப்புரவினை நாணோடு சேர்த்தே எண்ணியுள்ளன என்பது குறிக்கத்தக்கது.

2. ஈகையும் ஒப்புரவும்

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வைத்தார். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையோர்க்குக் கொடுப்பது எதிர்ப்பயன் நோக்கியது என்பது ஈகை அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. ஒப்புரவோ உலகநடை அறிந்து அனைவர்க்கும் உதவுதல். முன்னது மறுமையும் பின்னது இம்மையும் நோக்கியன எனப் பரிமேலழகர் வேறுபாடு காட்டுவர். ஒப்புரவிற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளும் கருதத்தக்கன. ஊருணியும், ஊர்நடுவே பழுத்த மரமும், மருந்தாகும் மரமும் தம்பால் வருவோர் செல்வரா வறியரா என்று வினவுவதில்லை.

இதே பாகுபாடு எபிரேயத்திலும் உண்டு. வறியவர்க்குப் பொருள் கொடுத்தல் ‘செதாக்கா’. பிறர்க்குச் செய்யும் அன்புதவி ‘கெமிலுத் ஹசாதிம்’. இவற்றுள் பின்னது மூன்று வகையால் உயர்ந்தது என்று தால்முட்டின் ‘சுக்கா’ என்னும் பகுதி கூறும். செதாக்கா பொருளால் மட்டும் செய்யப்படும். அன்புதவி பொருளாலும் உடலுழைப்பாலும் செய்யப்படும். செதாக்கா வறியவர்க்கே உரியது; அன்புதவி வறியவர், செல்வர் இருவர்க்கும் உரியது. செதாக்கா உயிரோடிருப்பார்க்கு, அன்புதவி இறந்தாரை அடக்கம் செய்தலையும் உள்ளிட்டது. ஈகைக்குச் செதாக்காவும் ஒப்புரவிற்குக் கெமிலுத் ஹசாதிமும் ஏறக்குறைய நேர் நிற்றலைக் காண்க.

ஒரு வேறுபாடும் உண்டு. ‘செதாக்கா’ என்னும் சொல் நீதியைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. ஆதலின் வறியவர்க்குக் கொடுப்பது அருளன்று, முறையாம். ‘லேவியராகமம்’ 19ஆம் அதிகாரம் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுக என்றும், சிந்திய கதிரைப் பொறுக்காமல் விடுக என்றும் உழவனுக்குக் கட்டளையிடுகிறது. வறியவர் தாமே வந்து அறுத்துக் கொள்வர். இன்னார்க்கு இது என்று தேர்ந்து கொடுக்கும் உரிமையும் நிலக்கிழவனுக்கு இல்லை. கொடுப்போன் கையைக் கொள்வோன் காணாதபடி அறம் நிகழும் முறை இது.

3. ஊர் செய்த அறம்

குணம் தனிமனிதனிடத்தே நின்றுவிட்டால் சமுதாயத்திற்குப் போதியதாகாது என்பதை யூத மரபு உணர்ந்திருந்தது. ஊர்தோறும் ‘குப்பா’ என்னும் வாரநிதியும் ‘தம்ஹூய்’ என்னும் அன்றாட உணவு அறமும் இருந்தன. குப்பாவிற்குப் பொருள் தண்டுவோர் இருவர், பகிர்ந்தளிப்போர் மூவர். பகிர்தல் வழக்காராய்ந்து தீர்ப்புக் கூறுதலை ஒத்தது ஆகலின், வழக்குத் தீர்க்கும் மன்றத்தைப் போல் மூவர் வேண்டும் என்பது காரணம். இரண்டு வேளை உணவு உடையவன் தம்ஹூயினின்று பெறலாகாது, பதினான்கு வேளை உணவு உடையவன் குப்பாவினின்று பெறலாகாது என்று மிஷ்னா வரையறுத்தது. வாரநிதி இல்லாத யூத ஊரைத் தாம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய மைமோனிடிஸ் எழுதினார்.

விழுப்புரம் பகுதியிலும் ஊரவை நடத்திய அறங்கட்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடைபெற்றது. அவர்கட்கு வேண்டுவனவற்றிற்கு நிலம் ஒதுக்கப்பட்டது. எனினும் அவ்வறம் வேதக்கல்வி பயில்வாரை நோக்கியது. வறுமையை அளவுகோலாகக் கொண்டதன்று. குப்பாவோடு அதனை ஒப்பிடுவார் ஊராட்சி முறையை ஒப்பிடலாமேயன்றிப் பயன்பெற்றோரை ஒப்பிடுதல் பொருந்தாது.

4. அடைத்த கதவு

இனி நாணிற்கு வருவோம். எருசலேம் கோயிலில் ‘மறைவோர் அறை’ என்று ஓர் அறை இருந்ததாக மிஷ்னாவின் ‘ஷெக்காலிம்’ கூறும். அறவோர் அதனுள் மறைவாகப் பொருளிடுவர்; நற்குடிப் பிறந்து வறியராயினோர் மறைவாக எடுத்துக் கொள்வர். இட்டவர் யார், எடுத்தவர் யார் என்பதை ஒருவரும் அறியார். இக்கருத்தையே மைமோனிடிஸ் எட்டுப் படிகளாக விரித்தார். மனமின்றிக் கொடுத்தல் கடைப்படி. குறைவாயினும் முகமலர்ந்து கொடுத்தல், கேட்டபின் கொடுத்தல், கேட்குமுன் கொடுத்தல் என்பன அதன்மேல் முறையே அமைவன. அவற்றிற்கும் மேலாகக் கொள்வோன் மட்டும் அறிதல், கொடுப்போன் மட்டும் அறிதல், இருவரும் அறியாமை என மூன்று படிகள் உள்ளன. உச்சியில் உள்ளது, ஒருவன் மீண்டும் பிறர்கை நோக்காதவாறு கடன் கொடுத்தோ, தொழிலிற் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ அவனை நிலைநிறுத்துதல். இப்பாகுபாட்டிற்கு அடிப்படை கொடுத்த பொருளின் மிகுதியன்று. கொள்வோன் நாணம் எவ்வளவு காக்கப்பட்டது என்பதே.

சிறுபாணாற்றுப்படை இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணை செய்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் ஆகும். பரிசில் பெற்ற பாணன் தன் பழைய வறுமையைக் கூறுமிடத்து, இடிந்த அடுக்களையையும், அதில் ஈன்று கிடக்கும் நாயையும், நகத்தாற் கிள்ளிய குப்பைக்கீரை உப்பின்றி வேகின்றதையும் காட்டுகிறார் புலவர். அதன்பின் அவர் கூறுவதே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை. அவ்வுணவைச் சுற்றத்தோடு உண்ணும் பாணன் மனைவி, பிறர் காணுதற்கு நாணிக் கதவை அடைத்துக் கொள்கிறாள். பசி வருத்துகிறது, அதனினும் பிறர் பார்வை வருத்துகிறது. வறுமையின் கொடுமையைக் கதவடைப்பில் கண்ட புலவரும், மறைவறை அமைத்த மக்களும் ஒரே உண்மையை அறிந்தவராவர்.

5. அளந்து காணின்

அங்ஙனமாயின் மைமோனிடிசின் படிகளில் நல்லியக்கோடன் எப்படியில் நிற்பான்? அவன் கொடை வெளிப்படையானது. கொடுப்போனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறிவர். பாட்டும் புகழும் இடையே உள்ளன. வள்ளுவரும் ஈகைக்குப்பின் புகழ் அதிகாரத்தை வைத்தார். யூத மரபு கொடுத்தவன் பெயரை மறைத்துக் கொள்வோன் நாணைக் காக்கிறது; தமிழ் மரபு கொடுத்தவன் பெயரைப் பாட்டால் நிறுத்துகிறது. இவ்வேறுபாட்டை மறைத்தல் ஆராய்ச்சியாகாது.

ஆயினும் பாணன் இரவலன் மட்டும் அல்லன், கலை உடையவன். யாழும் பாட்டும் அவன் கையில் உள்ளன. ஆதலின் அவன் பெறுவது பரிசில். பரிசில் என்னும் சொல்லே கொள்வோன் நாணைக் காக்கும் திரையாக அமைந்துவிடுகிறது. மேலும், நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டுத் தானே நின்று ஊட்டுகிறான். பரிசிலை அன்றே கொடுத்து விடுகிறான். இவ்விரண்டும் மைமோனிடிசின் படிகளில் இடம்பெறாவிடினும் அன்புதவியின் இலக்கணத்தில் அடங்கும். ஆபிரகாம் தன்பால் வந்த வழிப்போக்கர் மூவர்க்கு உணவு வைத்து, அவர்கள் உண்ணுமளவும் மரத்தடியில் அருகே நின்றான் என ஆதியாகமம் 18ஆம் அதிகாரம் கூறும். தலைவன் நிற்க விருந்தினன் உண்ணும் அக்காட்சியில் மேல்கீழ் மாறிவிடுகிறது. உடலுழைப்பால் செய்யும் உதவி பொருளுதவியினும் உயர்ந்தது என்பதன் உட்பொருள் இதுவேயாம்.

காலந்தாழ்த்தாமையும் அத்தகையது. நஹூம் என்னும் அறவோர் தம் கழுதையின் சுமையை இறக்கும்வரை பொறுக்குமாறு ஒரு வறியவனிடம் கூறினார். இறக்கி முடிக்குமுன் அவன் இறந்து வீழ்ந்தான். அக்கணநேரத் தாழ்ப்பிற்காக அவர் தம்மையே கடிந்து தமக்குத் துன்பம் வேண்டிக் கொண்டார் எனத் தால்முட்டின் ‘தஅனித்’ கூறும்.

கொடை அரசனுக்கே உரியதாகவும் புலவர் கூறவில்லை. எயிற்பட்டினத்துப் பரதவர் மீனும் தேறலும், வேலூர் எயினர் புளியிட்ட சோறும் ஆமான் சூடும், ஆமூர் உழவர் வெண்சோறும் நண்டுக் கறியும் தருவர் என்கிறார். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஒரு நாட்டின் வழிநெடுக விரிந்த இவ்விருந்தோம்பலே ஒப்புரவு ஊர்ப்பண்பாக நின்றமைக்குச் சான்று.

6. இக்காலத்து நோக்கு

யூதர் இந்தியாவில் செய்த அறங்களுள் பம்பாய் வணிகர் டேவிட் சசூன் (1792-1864) பெருங்கொடையால் புனேயில் எழுந்த மருத்துவமனை பலரும் அறிந்தது; அது அனைத்துச் சமயத்தார்க்கும் பயன்பட்டது. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் 1968இல் ஆரோவில்லை நிறுவிய மீரா அல்ஃபசா (1878-1973) பாரிசில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கு 2003இல் இஸ்ரேலினின்று வந்த குடும்பத்தார் தொடங்கிய ‘சாதனா ஃபாரஸ்ட்’ தன்னார்வலர் உழைப்பால் வறண்ட நிலத்தில் காடு வளர்த்து வருகிறது. ஆரோவில் ஒரு சமயத்தைச் சார்ந்ததன்று. ஆகலின் இவற்றை யூத சமய அறம் எனக் கூறுதல் தவறாகும். உடலுழைப்பால் செய்யும் பொதுநலப் பணி என்னும் அளவில் மட்டுமே ஈண்டுச் சுட்டப்பட்டன.

2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலால், திண்டிவனத்தை அடுத்த மயிலம் உள்ளிட்ட விழுப்புரம் மாவட்டப் பகுதிகள் பெருமழைக்கும் வெள்ளத்திற்கும் உள்ளாயின. இத்தகைய காலங்களில் உணவுப் பொதி தருவோர், பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வெளியிடும் வழக்கம் நாடெங்கும் பெருகியுள்ளது. நேற்றுவரை தன் அடுப்பில் தான் சமைத்துண்ட பெண் அப்படத்தில் முகம் கவிழ்ந்து நிற்கிறாள். அவளுக்கு அடைத்துக் கொள்ளக் கதவும் இல்லை. பொருள் அவளைச் சேர்ந்தது, ஒப்புரவு சேரவில்லை.

ஆகவே, ஒப்புரவோடு நாணை வைத்து எண்ணிய இரு மரபுகளும் கூறும் முடிபு ஒன்றே எனலாம். நாண் என்பது கொள்வோனிடம் மட்டும் இருக்கவேண்டிய குணம் அன்று. கொடுப்போனிடமும் இருத்தல் வேண்டும். பிறன் நாணுவதற்குத் தான் நாணுபவனே ஒப்புரவாளன். ஆற்றுப்படை நூல்களைப் பயில்வோர் வள்ளல் தந்த பொருளின் பட்டியலோடு அமையாது, பாணன் மனைவி அடைத்த கதவை அவன் கொடை எங்ஙனம் திறந்தது என்பதையும் ஆராய்வாராயின், அந்நூல்களின் அறப்பயன் இன்னும் தெளிவுறும்.