வலிப்பு எங்கே தொடங்கியது?

ஃபிட்ஸ் என்றதும் நம் மனதில் வருவது, கீழே விழுந்து கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளும் ஆள்தான். ஆனால் விழவே வைக்காத வலிப்புகளும் உண்டு. சில வகைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாமல் வந்துபோய்விடும்.

அதனால்தான் நரம்பியல் மருத்துவர், "எப்படி ஆரம்பிச்சது?" என்று துருவித் துருவிக் கேட்கிறார். 2017-இல் உலக அளவில் வகுத்த பிரிவும் தொடக்கத்தை வைத்ததுதான். மூளையின் ஓரிடத்தில் தொடங்கினால் பகுதி வலிப்பு. இரு பக்கமும் ஒருசேரப் பற்றினால் பொது வலிப்பு. தொடக்கத்தை யாரும் பார்க்கவில்லையென்றால் அது தனிக் கணக்கு.

பகுதி வலிப்பு பல வேடம் போடும். கையை இயக்கும் இடத்தில் தொடங்கினால் கட்டைவிரல் துடிக்கும், துடிப்பு மெல்ல முழங்கைக்கும் முகத்துக்கும் ஏறும். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதைக் கூர்ந்து பார்த்து எழுதினார். காதுக்கு மேலே உள்ள பகுதியில் தொடங்கினால் வயிற்றிலிருந்து ஏதோ எழும்புவதுபோல் இருக்கும்; இல்லாத வாடை வரும், காரணமில்லாமல் பயம் கவ்வும். அப்போது நினைவு தெளிவாகவே இருக்கலாம். நினைவு மங்கினால் பார்வை நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகும். ஓரிரு நிமிடத்தில் அடங்கினாலும் குழப்பம் தெளியச் சற்று நேரமாகும். இதே வலிப்பு மூளை முழுக்கப் பரவினால்தான் கைகால் வெட்டும். வீட்டார் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் சொல்வார்கள், வகை மாறிப்போகும்.

பொது வலிப்பில் அதிகம் தவறவிடப்படுவது பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது. எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை பத்து வினாடி உறைந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். ஒரே நாளில் பலமுறை வரலாம். பாவம், "கவனம் எங்கே?" என்று திட்டுதான் கிடைக்கும். வேகமாக மூச்சு வாங்கச் சொன்னால் மருத்துவர் முன்னிலையிலேயே வந்துவிடுவதுண்டு, மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் வினாடிக்கு 3 வீதம் கூர் அலைகள் தெரியும். பதின்வயதில் இன்னொன்று: காலையில் எழுந்ததும் கை திடீரென வெட்டி, காபி டம்ளர் பறக்கும். முதல்நாள் இரவு தூக்கம் கெட்டிருந்தால் கூடுதலாக வரும்.

வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆபத்து. பகுதி வலிப்புக்கு நன்றாகக் கேட்கும் கார்பமாசெபின், இப்போது சொன்ன இரண்டையும் மோசமாக்கக்கூடும்.

எல்லா விழுதலும் வலிப்பல்ல. வெயிலில் நின்று, முகம் வெளிறி, வியர்த்துத் துவண்டு விழுபவருக்கும் கைகால் இரண்டு முறை வெட்டலாம், அது மயக்கம். சட்டென்று தெளிவு வந்துவிடும்.

எதிரில் ஒருவருக்கு வந்தால் சாவியையும் இரும்பையும் தேடி ஓடாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்; 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். கூட இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது என்பதை மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார்.