ஷெர்ரி பீப்பாய் விஸ்கி: கலர் அடர்த்தியாக இருந்தால் தரமானதா? நிபுணர்கள் மார்க் போடுவது எப்படி?

ஒரே ஒரு பாட்டில். விலை 22 கோடி ரூபாய்க்கும் மேல்! 2023 நவம்பரில் லண்டனில் நடந்த சோத்பீஸ் ஏலத்தில் 'மெக்கல்லன் 1926' என்ற ஸ்காட்ச் விஸ்கி சுமார் 21.9 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது. ஷெர்ரி பீப்பாயில் 60 ஆண்டுகள் ஊறிய விஸ்கி அது.

கடைகளிலும் 'ஷெர்ரி காஸ்க்' என்று எழுதிய பாட்டில்களுக்குத் தனி மவுசு. செம்பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே 'நல்ல சரக்கு' என்று முடிவு செய்பவர்கள் அதிகம். ஆனால் நிபுணர்கள் கடைசியாக நம்புவது அந்தக் கலரைத்தான். ஏன்? பார்க்கலாம்.

ஷெர்ரி காஸ்க் என்றால் என்ன?

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் தயாராகும் ஒயின்தான் ஷெர்ரி. அது இருந்த ஓக் மரப் பீப்பாயில் விஸ்கியை ஊற்றி வைத்தால் உலர்திராட்சை, அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கிராம்பு போன்ற வாசனைகள் சேரும். பிரிட்டன் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி ஸ்காட்லாந்திலேயே, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துத் தயாரித்தால் அது 'சிங்கிள் மால்ட்'.

பழைய பீப்பாய் இல்லையா?

பலரும் நினைப்பதுபோல பல வருடம் ஷெர்ரி ஊறிய பழைய பீப்பாய் என்று இப்போது சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறியது. காலியான பீப்பாய்களை விஸ்கி ஆலைகள் வாங்கிக்கொண்டன. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அந்த வழி அடைபட்டது.

இப்போது விஸ்கிக்காகவே புதிய பீப்பாய் செய்து, அதில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஷெர்ரியை ஊற்றிப் பழக்குகிறார்கள். அந்த ஷெர்ரி குடிக்க அல்ல; பெரும்பாலும் வினிகராகத்தான் போகும். அதனால் 'ஷெர்ரி சுவை' என்று நாம் சொல்வதில் ஒயினைவிட மரத்தின் பங்கு பெரிது. ஐரோப்பிய ஓக் என்றால் மசாலா வாசனையும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். அமெரிக்க ஓக் என்றால் வெண்ணிலா, தேங்காய் வாசனை வரும்.

கலரை ஏன் நம்பக்கூடாது?

காரணம் சிம்பிள். ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் சாயம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் சாயம் சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் அப்படிக் கட்டாயம் இல்லை. கலர் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே, உள்ளே இருப்பது தெரியாத நீல நிறக் கண்ணாடி கிளாஸில் ஊற்றிச் சோதிக்கும் பழக்கமும் உண்டு.

முதலில் மூக்கு

அடி அகன்று, வாய் குறுகிய டியூலிப் வடிவ கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டுவிடுகிறார்கள். பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக முகர்கிறார்கள். வேகமாக இழுத்தால் ஆல்கஹால் நெடியில் மூக்கு மரத்துப்போகும்.

அடுத்து சில சொட்டுத் தண்ணீர். இது சரக்கைக் கெடுப்பது இல்லை, திறந்துவிடுவது. ஆல்கஹால் அளவு குறையும்போது வாசனை மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வருகின்றன என்று 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். ஆலைகளில் விஸ்கி கலக்கும் நிபுணர்கள் ஆல்கஹாலை 20 சதவிகிதம் வரை குறைத்தும் முகர்ந்து பார்ப்பார்கள்.

பிறகு நாக்கு, கடைசியில் 'ஃபினிஷ்'

சின்ன மடக்கு. உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுகிறார்கள். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம், எந்தச் சுவை நிற்கிறது என்பதே ஃபினிஷ். நல்ல ஷெர்ரி விஸ்கியில் பழச்சுவை மெல்ல அடங்கி, கொட்டைப் பருப்பு, டார்க் சாக்லேட் போன்ற சுவை நிற்கும். அதிக நேரம் கொதித்த டீ மாதிரி வாய் துவர்த்து வறண்டால், மரம் விஸ்கியை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். இங்கே வயது அதிகம் என்பதே சில நேரம் மைனஸ் ஆகிவிடும்.

தீக்குச்சி வாடை வந்தால்?

ஷெர்ரி பீப்பாய் விஸ்கியில் அதிகம் சர்ச்சையாகும் குறை இது. காலிப் பீப்பாய் கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே கந்தகம் எரிப்பது பழைய வழக்கம். அது தங்கிவிட்டால் உரசிய தீக்குச்சி, ரப்பர், வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். சிலருக்கு உடனே தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஒரே பாட்டிலுக்கு ஒருவர் நல்ல மார்க்கும், இன்னொருவர் ஃபெயில் மார்க்கும் போடுகிறார்கள்.

மார்க் எப்படி?

பிரபல விமர்சகர் ஜிம் முர்ரேயின் முறையில் வாசனை, சுவை, ஃபினிஷ், சமநிலை என நான்குக்கும் தலா 25, மொத்தம் 100. கலருக்கு மார்க்கே இல்லை! பெரிய போட்டிகளில் பிராண்ட் பெயரை மறைத்துவிட்டுத்தான் நடுவர்களுக்குக் கொடுப்பார்கள்.

இதில் சமநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஷெர்ரிக்குப் பின்னால் பார்லியின் சுவையும், அந்த ஆலைக்கே உரிய குணமும் தெரிகிறதா? தெரியாவிட்டால், அது நல்ல பீப்பாய். நல்ல விஸ்கி அல்ல.

லேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்?

* 'மெச்சூர்ட்' என்றால் பொதுவாக முழுக் காலமும் அந்தப் பீப்பாயில் இருந்தது. 'ஃபினிஷ்' என்றால் வேறு பீப்பாயில் இருந்துவிட்டு, கடைசியில் கொஞ்ச காலம் மட்டும் ஷெர்ரி பீப்பாய்க்கு மாறியது.

* 'நேச்சுரல் கலர்' என்றால் சாயம் இல்லை.

* 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதன் வயது 12.

* 'ஃபர்ஸ்ட் ஃபில்' என்றால் ஷெர்ரிக்குப் பிறகு அந்தப் பீப்பாயில் ஊற்றிய முதல் விஸ்கி. தாக்கம் தூக்கலாக இருக்கும்.

இந்த நான்கும் தெரிந்தால், கலருக்கும் பெயருக்கும் மட்டும் காசு கொடுத்து ஏமாற வேண்டியதில்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே.)