டாரோவில் 'நைட்' கார்டு வந்துச்சா? வீரனை விடுங்க, குதிரையைப் பாருங்க!

ராத்திரி பதினொரு மணி. ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போறீங்க. 'மூணு கார்டுல ஒண்ணை மனசுல நினைங்க' என்று ஒரு டாரோ வீடியோ வருகிறது. நடுக் கார்டை நினைக்கிறீர்கள். திருப்பினால், குதிரை மேல் கவசம் போட்ட ஒருத்தன். "உங்க வாழ்க்கைக்குள்ள ஒரு இளைஞர் வரப்போறார்" என்கிறது குரல். உடனே உங்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வருகிறது. பிளாக் பண்ணி வைத்த நம்பரை அன்பிளாக் பண்ணலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க. அந்தக் கார்டு ஒரு ஆளைத்தான் குறிக்கணும்னு இல்லை. டாரோ பழகியவர்கள் நைட் கார்டைப் பெரும்பாலும் ஒரு வேகமாகத்தான் படிக்கிறார்கள். ஒரு விஷயம் எந்த வேகத்தில் நகர்கிறது, நீங்கள் அதை எந்த வேகத்தில் துரத்துகிறீர்கள் என்பதுதான் அதன் கேள்வி.

யார் இந்த நைட்?

டாரோ கட்டில் மொத்தம் 78 கார்டுகள். அதில் 16 கார்டுகளை 'கோர்ட் கார்டு' என்பார்கள். அரசவை ஆட்கள். வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கிண்ணம்), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (நாணயம்) என நாலு வகை; ஒவ்வொன்றிலும் பேஜ், நைட், குயின், கிங் என நாலு பேர். ரம்மி ஆடுகிற சீட்டுக்கட்டில் ஜாக், குயின், கிங் மூணு பேர்தான். டாரோவில் கூடுதலாக இருப்பவன் இந்தக் குதிரைக்காரன்.

15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரோ வெறும் சீட்டு விளையாட்டுதான். அதை வைத்துக் குறி சொல்லும் பழக்கம் 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸில்தான் சூடு பிடித்தது. இன்று உங்கள் போனில் பார்க்கிற படங்கள் பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டைச் சேர்ந்தவை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். நாலு நைட்களுக்கும் நாலு விதமாகக் குதிரை வரைந்திருக்கிறார் அவர். அங்கேதான் அர்த்தமே இருக்கு.

செஸ்ஸில் இதே 'நைட்'டை நாம் என்ன சொல்கிறோம்? குதிரை! வீரனைக் கண்டுக்கிறதே இல்லை. டாரோவுக்கும் அந்தத் தமிழ்ப் பார்வையே போதும்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது இன்னும் ஈஸி. திருமயம் போகிற வழியில் நமணசமுத்திரத்தில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு காலும் தரையில் ஊன்றி, அசையாமல் காவல் நிற்கும். கீரமங்கலம் பக்கம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலுக்குப் போனால் வேற காட்சி. மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலைகளில் மூழ்கும் அந்தப் பிரமாண்டக் குதிரை முன்னங்காலைத் தூக்கித் தாவுகிறது. இரண்டுமே குதிரைதான். ஆனா ஒண்ணு 'நான் இருக்கேன்' என்கிறது, இன்னொண்ணு 'இதோ கிளம்பிட்டேன்' என்கிறது. நைட் கார்டையும் இப்படிக் காலைப் பார்த்துப் படியுங்கள்.

நாலு குதிரை, நாலு வேகம்

வாண்ட்ஸ் நைட்: பாலைவனத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை. நெருப்பின் கார்டு. ஆசை, உற்சாகம், புது முயற்சி. யூடியூப் சேனல் ஆரம்பிக்கிற முதல் வாரம் மாதிரி. ஆனால் கால் இன்னும் காற்றில்தான் இருக்கு. மூணாவது வாரமும் வீடியோ போடுவீங்களா என்பதுதான் இந்தக் கார்டு கேட்பது.

கப்ஸ் நைட்: நிதானமாக நடக்கிற குதிரை. கையில் நீட்டிய கிண்ணம். எதிரே ஓர் ஆறு. இதைத்தான் வீடியோக்கள் 'காதல் செய்தி வருது' என்று சொல்கின்றன. படத்தை நல்லா பாருங்க. கிண்ணத்தை நீட்டுகிறான், ஆற்றை இன்னும் தாண்டவில்லை. பேச்சு இனிக்குது, செயல் வந்துச்சா? யாருக்காகவோ மாசக்கணக்கில் காத்திருக்கிறீர்கள் என்றால், இந்தக் கேள்விதான் உங்களுக்குத் தேவை.

ஸ்வார்ட்ஸ் நைட்: நாலிலும் அதிவேகம் இதுதான். காற்றில் மரங்கள் வளைய, வாளை ஓங்கிப் பாய்கிறான். தெளிவும் தைரியமும் உண்டு. கூடவே, யோசிக்காமல் அனுப்பிய மெசேஜும் உண்டு. கோபத்தில் டைப் பண்ணி வைத்திருக்கிற நேரத்தில் இந்தக் கார்டு வந்தால், 'சென்ட்' தட்டாமல் போனைக் கவிழ்த்து வையுங்கள்.

பென்டக்கிள்ஸ் நைட்: உழுத வயலில் அசையாமல் நிற்கும் கறுப்புக் குதிரை. நமணசமுத்திரத்துக் குதிரைக்குச் சொந்தக்காரன்! உழைப்பு, பொறுமை, தினசரி பழக்கம். குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல கார்டு கிடையாது. ஆனால் நிற்பது பொறுமையா, பயமா என்று கேட்டுக்கொள்ளணும்.

தலைகீழா வந்தா?

பதற வேண்டாம். தலைகீழ் கார்டுக்குத் தனி அர்த்தமே பார்க்காதவர்களும் உண்டு. பார்ப்பவர்களும் நைட் விஷயத்தில் சொல்வது எளிமையானது: வேகம் கெட்டிருக்கு. ஒண்ணு கடிவாளம் அறுந்த ஓட்டம், இல்லைன்னா நகரவே மறுக்கும் அடம். எது என்பதை உங்கள் நிலைமைதான் சொல்லும், கார்டு சொல்லாது.

இன்னொரு டிப்ஸ்: குதிரை எந்தப் பக்கம் பார்க்குது? ரைடர்-வெயிட் கட்டில் வாண்ட்ஸ், ஸ்வார்ட்ஸ் நைட்கள் இடதுபக்கம் போகிறார்கள். கப்ஸ், பென்டக்கிள்ஸ் நைட்கள் வலதுபக்கம். அந்தப் பக்கம் என்ன கார்டு இருக்கோ, அந்த வேகம் அதை நோக்கித்தான் என்று சேர்த்துப் படிக்கலாம்.

ஒரு உதாரணம்

நீங்கள் அறந்தாங்கியில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போன். 'சென்னையில வேலை ரெடி, சாயங்காலத்துக்குள்ள டெபாசிட் 15,000 கட்டுங்க.' குழப்பத்தில் மூணு கார்டு போடுகிறீர்கள். நடுவில் ஸ்வார்ட்ஸ் நைட். அவனுக்கு இடதுபக்கம் நாணயத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் ஆள், அதாவது ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ்.

'சான்ஸை விடாதே, பாய்ஞ்சு போ' என்று ஒருவர் படிக்கலாம். குதிரையைப் பார்த்துப் படித்தால் வேறு மாதிரி வரும்: இங்கே அவசரம் இருக்கு, அந்த அவசரம் பணத்தை நோக்கி ஓடுது. யாருடைய அவசரம் இது? உங்களுடையதா, போனில் பேசினவருடையதா?

இந்தக் கேள்வி வரைக்கும்தான் கார்டின் வேலை. அந்த வேலை நிஜமா, மோசடியா என்று அதற்குத் தெரியாது. கம்பெனியின் அதிகாரபூர்வ நம்பரைத் தேடி நீங்களே கூப்பிட்டுக் கேட்கணும். வேலைக்கு முன்பணம் கேட்டாலே சந்தேகப்படணும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் பண்ணணும்.

ஏன் இவ்வளவு பொருந்துது?

கணக்குப் போட்டால், மூணு கார்டு எடுக்கும்போது ஒரு நைட்டாவது வர சுமார் 15 சதவிகித வாய்ப்பு. அதாவது ஏழு தடவைக்கு ஒரு தடவை குதிரைக்காரன் வருவான். உங்களைத் தேடி வந்ததில்லை, கலைத்ததில் வந்தது.

1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு 'இது உனக்கான குணக்குறிப்பு' என்று தனித்தனியாகத் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துது என்று கேட்டதற்கு 5-க்குச் சராசரியாக 4.26 மார்க் போட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு! பொதுவாகச் சொன்னதை நம் கதையோடு நாமே பொருத்திக்கொள்கிறோம். கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டிலும் இதேதான் நடக்குது.

அதனால் டாரோவே பார்க்கக் கூடாதா? பாருங்க, தப்பில்லை. அடுத்த தடவை நைட் வந்தால் 'யார் வரப்போறா?' என்று கேட்காமல், 'நான் இப்போ எந்தக் குதிரை மேல உட்கார்ந்திருக்கேன்?' என்று கேளுங்கள். தாவுறதா, நடக்கிறதா, பாயுறதா, நிற்கிறதா? பதிலை நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அப்புறம் அந்த அன்பிளாக் விஷயத்தைக் காலையில் பார்த்துக்கலாம்.