அப்பாவின் பாட்டு, மகனின் குரல்
ஜேம்ஸ் பிளேக்கை ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் அந்த ஆழமான பேஸ் காணாமல் போய்விடும். லண்டன்காரர். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இசை படித்தவர். 2009-இல் முதல் இசைத்தட்டு. அடுத்த ஆண்டு வந்த 'சிஎம்ஒய்கே' இசைத்தட்டில் பாடகிகள் கெலிஸ், ஆலியாவின் பழைய பாடல்களிலிருந்து குரல் துணுக்குகளை வெட்டி, சுருதி மாற்றி, நடன இசையாக்கினார். அந்த ஆண்டு இறுதியில் பாடகி ஃபைஸ்டின் பாடலொன்றைப் பியானோவோடு பாடியபோதுதான், அடடா, இவருக்குள் இப்படியொரு பாடகரா என்று பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2011-இல் வந்த முதல் ஆல்பத்தில் எனக்கு நெருக்கமானது 'தி வில்ஹெல்ம் ஸ்க்ரீம்'. இசைக்கலைஞரான அப்பா ஜேம்ஸ் லிதர்லேண்டின் பாட்டிலிருந்து எடுத்த சில வரிகளையே மகன் திரும்பத் திரும்பப் பாடுகிறார். சுற்றிலும் மின்னணு ஒலி மெல்ல ஏறி, அந்தக் குரலையே மூழ்கடிக்கப் பார்க்கிறது. சோல் இசைப் பாடகர்கள் பலர் உச்சத்தில் பாடி உருக்குவார்கள். பிளேக் தணிந்த குரலிலேயே உருக்கிவிடுகிறார். இரண்டாவது ஆல்பமான 'ஓவர்குரோன்' 2013-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வென்றது.